கனற்பொறியும் கூரையும்: காட்டுத்தீக் கட்டட விதிகளின் நோக்கில் புதுச்சேரி ஊரகக் குடியிருப்புகள்

ஆய்வுச் சுருக்கம்

காட்டை ஒட்டிய வீடுகளுக்கென அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உருவான தீப்பாதுகாப்புக் கட்டட விதிகள், வீட்டைத் தாக்குவது பெரும்பாலும் தீச்சுவாலை அன்று, காற்றில் பறந்து வரும் கனற்பொறியே என்னும் கண்டறிவின்மேல் எழுந்தவை. காடில்லாத புதுச்சேரி ஊரகப் பகுதிக்கும் அக்கண்டறிவு பொருந்துகிறது. பண்டசோழநல்லூர் போன்ற ஊர்களில் கரும்புத் தோட்டமும் வைக்கோற்போரும் கீற்றுக் கூரையும் அருகருகே உள்ளன. தமிழ்நாட்டில் 1997 முதல் 2004 வரை நிகழ்ந்த நான்கு பெருந்தீ விபத்துகளையும், கூரையை மாற்றும் வீட்டுத்திட்டங்களையும் இவ்விதிகளோடு ஒப்பிட்டு, சட்டம் கட்டடத்தைப் பார்க்கும் முறைக்கும் தீ அதனைப் பற்றும் முறைக்கும் இடையிலுள்ள இடைவெளியை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கனற்பொறி, கீற்றுக் கூரை, காட்டுத்தீ, கட்டட விதி, பண்டசோழநல்லூர், கல்வீடு

முன்னுரை

பண்டசோழநல்லூர், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஊர். நெல்லும் கரும்பும் விளையும் இப்பகுதியில் புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. ஒரு வரப்பைக் கடந்தால் சட்டம் மாறிவிடும். மண்ணும் பயிரும் வீடு கட்டும் முறையும் மாறுவதில்லை. இங்கே அடர்காடு இல்லை. ஆகவே காட்டுத்தீக்கான கட்டட விதிகளை இவ்வூரோடு சேர்த்துப் பேசுவது முதல் நோக்கில் பொருத்தமற்றதாகத் தோன்றக்கூடும். அவ்விதிகள் எதைத் தடுக்க முயல்கின்றன என்பதை அறிந்தால் அத்தோற்றம் நீங்கும்.

ஓலையும் புல்லும் வேய்ந்த குடியிருப்பு தமிழ் நிலத்திற்குப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, எயினர் குடிசை ஈந்தின் இலையால் வேயப்பட்டிருந்ததைக் காட்டுகிறது. அந்தந்த நிலத்தில் கிடைப்பதைக் கொண்டு வேய்தல் என்னும் அம்முறையே தென்னங்கீற்று, பனையோலை, விழல், கரும்புச் சோகை என இன்றளவும் தொடர்கிறது. கைக்கு எட்டும் விலை, வெயிற்காலக் குளிர்ச்சி, உள்ளூர் ஆளே வேயக்கூடிய எளிமை ஆகிய மூன்றும் கீற்றை நிலைபெறச் செய்தன. அதை வெறும் வறுமையின் அடையாளமாக மட்டும் காண்பது ஆய்வுக்கு உதவாது.

விதிகள் பிறந்த இடம்

1991 அக்டோபர் 20 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாந்து குன்றுப்பகுதியில் மூண்ட தீயில் 25 பேர் இறந்தனர். மூவாயிரத்தை ஒட்டிய வீடுகள் அழிந்தன. மரச்சில்லுகளால் வேய்ந்த கூரைகள் அங்கே தீயை வீடுதோறும் கடத்தின. அம்மாநிலக் கட்டட விதித்தொகுப்பில் காட்டை ஒட்டிய பகுதிகளுக்குரிய 7ஏ என்னும் அத்தியாயம் 2008 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 3959 என்னும் தரநிலை, விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட 2009 பிப்ரவரி 7 தீக்குப் பின் திருத்தப்பட்டது. ஒரு மனையின்மீது எவ்வளவு கதிர்வெப்பம் விழும் என்பதைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு 12.5, 19, 29, 40 கிலோவாட் எனப் படிகள் வகுத்து, ஒவ்வொரு படிக்கும் சுவர், சாளரம், கூரை ஆகியவற்றின் தன்மையை அது விதிக்கிறது.

இவ்விதிகளுக்குப் பின்னுள்ள அறிவியலில் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் பெயர் முதன்மையானது. காடு முழுவதும் எரிந்தாலும், ஏறத்தாழ 30 மீட்டருக்கு அப்பால் உள்ள மரச்சுவரைச் சுவாலையின் வெப்பம் மட்டும் பற்றவைப்பது அரிது என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. அப்படியாயின் தொலைவிலுள்ள வீடுகள் எவ்வாறு எரிகின்றன? காற்று சுமந்து வரும் கனற்பொறிகள் கூரையிடுக்கிலும் சுவரோரச் சருகிலும் விழுந்து, சிறு தீயாகத் தொடங்கி, வீட்டை உள்ளிருந்து எரிக்கின்றன. சுற்றியுள்ள மரங்கள் பசுமையாக நிற்க, நடுவிலுள்ள வீடு மட்டும் சாம்பலாகக் கிடக்கும் காட்சி இதனால் நேர்வது. 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் நகரை அழித்து 85 உயிர்களைக் கொண்ட தீயிலும் இதனைக் காண முடிந்தது.

எனவே 7ஏ அத்தியாயத்தின் உட்பொருள் ஒரே வினாவாகச் சுருங்குகிறது: பொறி விழும் இடம் பற்றக்கூடியதா? எரியும் மரக்கட்டை அடுக்கை மேலே வைத்து, காற்றை வீசச் செய்து, தாங்குகிறதா எனச் சோதித்த கூரைப் பொருள் வேண்டும். காற்றுத்துளைகளில் 1.6 முதல் 3.2 மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை வேண்டும். குழலோடு போன்ற வளைந்த ஓடுகளின் இறவாண முனைகள் அடைக்கப்பட வேண்டும். இக்கடைசி விதி தமிழ் வாசகர் கருதத்தக்கது. நாட்டு ஓட்டின் வாயில் குருவிக் கூடும் உலர்ந்த சருகும் சேர்வதும், ஓட்டின்கீழ் மூங்கில் வரிச்சும் ஓலைப்பாயும் இருப்பதும் ஊரறிந்தவை. ஓட்டு வீடு தீப்பிடிக்காது என்னும் நம்பிக்கை பாதியளவே உண்மை.

நான்கு தீ விபத்துகள்

1997 சூன் 7 அன்று தஞ்சைப் பெருவுடையார் கோயில் குடமுழுக்கின்போது கீற்றால் வேய்ந்த யாகசாலைப் பந்தல் எரிந்தது. தீயிலும் நெரிசலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகை எரிந்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப இயலாது இறந்தனர். 2004 சனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபமொன்றின் கீற்றுப் பந்தல் பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ மேல்தள வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவ, 94 குழந்தைகள் கருகினர்.

இவற்றை வரிசையாக எண்ணிச் செல்வது வழக்கம். அவற்றின் பொதுக்கூறு போதிய அளவு கவனிக்கப்படவில்லை. தஞ்சையில் கருங்கற்கோயில், திருவரங்கத்திலும் கும்பகோணத்திலும் செங்கல்லும் சிமெண்டுமான கட்டடங்கள். மூன்றிலும் எரிந்தது கட்டடம் அன்று. அதன்மேல் அல்லது அதனோடு சேர்த்துப் போடப்பட்ட கீற்று. வரைபடத்தில் இடம்பெறாத இணைப்பே உயிர்களைக் கொண்டது. ஏர்வாடியில் கொட்டகையே குடியிருப்பாயிருந்தது. அங்கே சங்கிலி, தீயைவிடக் கொடியதாயிற்று.

கும்பகோணத் தீக்குப் பின் நீதிபதி சம்பத் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. அவ்விபத்தை அடியாகக் கொண்டு தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று உச்சநீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் பயில்வதும் கல்வியுரிமையின் பகுதியே எனக் கொண்டு, பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்றப் பணித்தது. பள்ளிக்கு இவ்வாறு ஒரு தெளிவான விதி கிடைத்தது. அப்பள்ளியிலிருந்து குழந்தை திரும்பிச் செல்லும் வீட்டுக்கு அது கிடைக்கவில்லை.

வீட்டுக்கான விதி: திட்டமாக வந்த சட்டம்

ஏழைகளின் வீட்டுக் கூரையைத் தடைச்சட்டத்தால் அகற்ற முடியாது. அவ்வாறு செய்தால் குடிசையில் வாழ்வோர் அனைவரும் ஒரே நாளில் குற்றவாளிகளாவர். அரசுகள் இதை உணர்ந்தே வேறு வழியை மேற்கொண்டன. தடைக்குப் பதில் மானியம் வந்தது. தமிழ்நாட்டில் 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. ஊரகப் பகுதிக்கு 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. புதுச்சேரியில் குடிசை மாற்று வாரியத்தின் வழியாகக் காமராஜர் பெயரிலான கல்வீடு கட்டும் திட்டம் நடைபெறுகிறது. ‘கல்வீடு’ என்னும் சொல்லே கூரைவீட்டுக்கு எதிர்ச்சொல்லாக ஊர்ப் பேச்சில் நிலைத்துவிட்டது.

வரப்புக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டில் 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாட்டை இலக்காகக் கொண்டது. ஒரு வீட்டுக்கு 3.5 இலட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும்; எஞ்சிய 60 சதுர அடியைப் பயனாளி தம் விருப்பப்படி தீப்பற்றாத வேறு பொருளால் வேய்ந்துகொள்ளலாம். இந்த 60 சதுர அடி விதி சிறியதாயினும் கூர்மையானது. ஊர் வீட்டில் திண்ணையோ முன்சாய்ப்போ இன்றியமையாதது என்பதையும், அதைக் கீற்றால் போட்டால் மொத்த வீட்டின் பாதுகாப்பும் கெடும் என்பதையும் அது ஒருசேர ஏற்கிறது. 7ஏ அத்தியாயம் வீட்டோடு ஒட்டிய மரத்தளத்திற்கு விதிப்பதற்கு இணையான ஏற்பாடு, அதன் பெயரை அறியாமலே இங்கு உருவாகியிருக்கிறது.

ஆயினும் அது கட்டி முடிக்கும் நாள்வரைக்குமான விதி. கட்டுமான நிலைகளுக்கேற்ப வரும் தவணை முடிந்ததும் மேற்பார்வையும் முடிகிறது. கான்கிரீட் தளம் கோடையில் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி இரவில் உள்ளே இறக்குகிறது. அதைத் தாங்காத குடும்பம் தளத்தின்மேல் கீற்றுக் கொட்டகை போடுகிறது. அல்லது வாசலில் கீற்றுச் சாய்ப்பு இறக்குகிறது. கல்நார்த் தகடு, இரும்புத் தகடு வேய்ந்த வீடுகளிலும் வெப்பந்தணிக்க மேலே கீற்றைப் பரப்புவது பரவலான வழக்கம். கல்நார்த் தகடு எரியாது. ஆனால் கடும் வெப்பத்தில் வெடித்துச் சிதறும். திருவரங்கத்திலும் கும்பகோணத்திலும் இருந்த அதே அமைப்பு, அளவில் சிறிதாக, வீடுதோறும் மீண்டும் தோன்றுகிறது. இதை அறியாமை என்று ஒதுக்குதல் தவறு. வெப்பத்துக்கு விடை தராத தீ விதி, வெயில் ஏறியவுடன் மீறப்படும்.

பொறி எங்கிருந்து வருகிறது

அடுப்பும் மின்கசிவும் வெளிப்படையான காரணங்கள். வயலைச் சேர்ந்த காரணம் காட்டுத்தீ விதிகளுக்கு நெருக்கமானது. கரும்பு வெட்டிய பின் மறுதாம்புக்காக நிலத்தில் கிடக்கும் சோகையைக் கொளுத்துவது பல இடங்களில் உள்ள பழக்கம். சோகை எடையற்றது, எரியும்போதே மேலெழுந்து காற்றோடு செல்லும். உலர்ந்த மேல்காற்று வீசும் காலத்தில் தோட்டத்தை ஒட்டிய கூரைக்கு அதுவே காட்டுத்தீயின் கனற்பொறி. சோகையைக் கொளுத்தாது மூடாக்காக இடுவதை வேளாண் துறையினர் மண்வளத்தின் பொருட்டுப் பரிந்துரைக்கின்றனர். அது தீப்பாதுகாப்பு நெறியுமாகும். சவுக்குத் தோப்பின் உதிர்சருகு இன்னொரு எரிபொருள்.

தமிழ்நாட்டில் உண்மையான காட்டோரம் மலைப்பகுதியில் உள்ளது. 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோர் தீயில் சிக்கியதில் 23 பேர் இறந்தனர். அதன் பின் எழுந்த விவாதம் மலையேற்ற ஒழுங்குமுறை பற்றியதாகவே அமைந்தது. மலையூர்க் கட்டட அனுமதியில் தலையிடும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அக்கறை சரிவும் காடும் பற்றியது. காட்டைக் கட்டடத்திலிருந்து காக்கும் விதி உண்டு. கட்டடத்தைக் காட்டுத்தீயிலிருந்து காக்கும் சிந்தனை அதில் சேரவில்லை.

மனையளவும் இடைவெளியும்

கலிபோர்னிய முறை வீட்டைச் சுற்றி மூன்று வளையங்களை வகுக்கிறது: முதல் 5 அடி, பின் 30 அடி, பின் 100 அடி. முதல் 5 அடியில் எரியும் பொருள் எதுவும் கூடாது என்னும் கருத்து அங்கே 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் வலுப்பெற்றது. இதனைப் பண்டசோழநல்லூரின் அளவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். 360 சதுர அடி வீட்டை 18க்கு 20 அடியாகக் கொள்வோமாயின், நாற்புறமும் 30 அடி விட 6,240 சதுர அடி நிலம் வேண்டும். அது 14 சென்டுக்கு மேல். இலவச மனைப்பட்டா பெற்ற குடும்பத்திற்கு அது கனவு. ஆனால் நாற்புறமும் 5 அடி விட 840 சதுர அடி போதும். அது 2 சென்டுக்குள் அடங்குகிறது. பொறி விழுந்து பற்றும் இடமாக அறிவியல் சுட்டுவதும் இந்த 5 அடியையே. காட்டுத்தீ விதிகளில் சிறுமனைக்கு எட்டக்கூடியதும் மிகுந்த பயன் தருவதும் ஒன்றாகவே இருப்பது நற்பேறு.

அந்த 5 அடியில் இன்று இருப்பவை விறகடுக்கு, வறட்டி, வைக்கோற்போர், கீற்று மறைப்பு ஆகியன. களத்துமேட்டில் போட்ட வைக்கோற்போர், மனை சுருங்கியபோது சுவரோரத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியைப் போல் நம் கீற்று வேலியும் அழகும் மறைவும் தருவது; ஒரு வீட்டுத் தீயை அடுத்த வீட்டுக்கு இட்டுச்செல்லும் திரியும் அதுவே. வேலி சுவரைத் தொடும் கடைசி 5 அடியை மட்டும் கல்லாகவோ தகடாகவோ அமைத்தால் திரி அறுபடும்.

கீற்றை விட இயலாதோர்க்கும் ஒரு தரநிலை உண்டு. மட்காமலும் எளிதில் தீப்பற்றாமலும் பதப்படுத்திய மேம்பட்ட வேய்கூரைக்கெனவே இந்தியத் தரநிலைகள் நிறுவனம் ஐ.எஸ். 12506 என்னும் நடைமுறை விதியை 1988இல் வெளியிட்டது. நீரில் கரையாத மண்பூச்சை வேய்கூரையின்மேல் பூசும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. கும்பகோணத்துக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே இது அச்சில் இருந்தது. வேய்பவரின் கைக்கு வராத தரநிலை நூலகப் பொருளாகவே தங்கும். அதைத் தமிழில், வேய்வோர் அறிந்த வரிச்சு, முகடு, இறவாணம் என்னும் சொற்களில் எழுதித் தரும் பணி தமிழாய்வுத் துறைகளின் எல்லைக்கு உட்பட்டது.

புதுச்சேரியின் 2012ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகள், அனுமதி கோரி வரும் வரைபடத்தை நோக்கியவை. கீற்றுச் சாய்ப்புக்கோ மாடிக் கொட்டகைக்கோ எவரும் வரைபடம் போடுவதில்லை. கல்வீட்டின் கடைசித் தவணைக்கு முன், தளத்தின்மேல் வெயில் தணிக்கும் வெள்ளைச் சுண்ணப் பூச்சும் சுவரைச் சுற்றிய 5 அடி வெற்றிடமும் உள்ளனவா எனக் கொம்யூன் பொறியாளர் பார்த்துக் குறிக்க வேண்டியவை இரண்டே வரிகள்.