பாத மசாஜ் சுகத்தை கம்ப்யூட்டர் அளக்குமா?

நறுமண எண்ணெய் தடவிப் பாதத்தைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கிறது. அப்போது மூளையில் நடப்பதைக் கம்ப்யூட்டரில் பார்க்க முடியுமா? ஓரளவு முடியும். வீட்டுக் கம்ப்யூட்டருடன் இணையும் தலைப்பட்டைகள் கூட விற்பனைக்கு வந்துவிட்டன. அவை வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

மூளை செல்கள் வேலை செய்யும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. தலையில் எலக்ட்ரோடுகளை வைத்து இதைப் பதிவு செய்வதுதான் ஈ.ஈ.ஜி. மனித மூளையில் இதை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனி டாக்டர் ஹான்ஸ் பெர்கர், ஆண்டு 1924.

டார்ச் பேட்டரி 1.5 வோல்ட். மூளை சிக்னலோ சில பத்து மைக்ரோவோல்ட். ஒரு மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எனவே முதலில் இதைப் பெருக்க வேண்டும். பிறகு, மைக் ஒலியை சவுண்ட் கார்டு எண்களாக மாற்றுவது போல இதையும் மாற்ற வேண்டும். 4 எலக்ட்ரோடு, விநாடிக்கு 256 அளவுகள், ஒவ்வொன்றும் 2 பைட் என்றால், 10 நிமிடப் பதிவு சுமார் 12 லட்சம் பைட். அந்தக் கால பிளாப்பி ஒன்றிலேயே அடங்கிவிடும்!

பாட்டு ஓடும்போது மீடியா பிளேயரில் ஏறி இறங்கும் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான் இங்கும். சாப்ட்வேர் சிக்னலை அலைவரிசை வாரியாகப் பிரிக்கிறது. 4 முதல் 8 ஹெர்ட்ஸ் தீட்டா. தூக்கக் கலக்கத்தில் கூடும். 8 முதல் 13 ஆல்பா, ஓய்வில் கூடும். 13 முதல் 30 பீட்டா. சுறுசுறுப்பாக இருக்கும்போது தெரியும்.

இங்கேதான் கவனம் தேவை. கண்ணை மூடினாலே ஆல்பா கூடிவிடும். மசாஜ் செய்யும்போது யார்தான் கண்ணை மூட மாட்டார்கள்? கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் வரும் சிக்னல் மூளை சிக்னலை விடப் பெரியது. மேலும், பாதத்தின் தொடு உணர்வைப் பெறும் பகுதி உச்சந்தலைக்குக் கீழே, மூளையின் இரு பாதிகளுக்கு நடுவில் இருக்கிறது. நெற்றிப் பட்டைக்கு அது எட்டாது.

சரியான சோதனை எப்படி? கண்ணை மூடி ஐந்து நிமிடம் சும்மா இருக்கும்போது ஒரு பதிவு. மணமில்லாத எண்ணெயில் மசாஜ் செய்து ஒரு பதிவு. வேறொரு நாள் அதே நேரத்தில், அதே மசாஜை லாவெண்டர் எண்ணெயில் செய்து ஒரு பதிவு. கண் எப்போதும் மூடியே இருக்கட்டும். பலரிடம் இப்படிச் சோதித்து, எண்ணெய்களுக்கு இடையே திரும்பத் திரும்ப வித்தியாசம் தெரிந்தால் மட்டுமே அது மணத்தின் வேலை.

ஏறும் கிராப்பைக் காட்டி யாராவது எண்ணெய் விற்க வந்தால், "எதோடு ஒப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்.