கோவாவில் கிடைத்த எலும்பும் ஜார்ஜியாவின் கிளர்ச்சியும்

பழைய கோவாவுக்குப் போகிற நம்மவர்கள் புனித சவேரியார் உடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதுதான் வழக்கம். பக்கத்துக் குன்றில் அகஸ்டின் மடத்தின் பாதி இடிந்த கோபுரம் நிற்கிறது. அங்கே நான் நின்றபோது, "வெறும் இடிஞ்ச சுவர்தானே, வாங்க போகலாம்" என்றார்கள் வீட்டில். அந்த இடிபாட்டில்தான் தொலைதூர ஜார்ஜியாவின் ராணி ஒருவரின் எலும்பு கிடைத்தது. அந்தக் கதையை இங்கே சொல்லலாம் என்று தோன்றியது.

ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதியில் கார்த்லி, ககேத்தி என்று இரண்டு அரசுகள். இரண்டும் பாரசீக சஃபாவிப் பேரரசின் பிடியில் இருந்தன. 1614 முதல் 1617 வரை ஷா முதலாம் அப்பாஸ் ககேத்தியைச் சூறையாடினார். லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாரசீகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. ஊர் காலியானால் கிளர்ச்சி செய்ய ஆளிருக்காது, இதுதான் கணக்கு. தூது போன ராணி கேதெவான் ஷிராஸில் சிறைவைக்கப்பட்டார். மதம் மாற மறுத்ததால் 1624ல் சித்திரவதை செய்து கொன்றார்கள்.

அடுத்த ஆண்டு, மிச்சமிருந்த எதிர்ப்பையும் அடக்க ஷா ஒரு படையை அனுப்பினார். தளபதி கராச்சகாய் கான். கூடவே கியோர்கி சாகாட்ஸே. சாகாட்ஸே ஜார்ஜியர்தான். உள்நாட்டுப் பகையால் ஓடிவந்து ஷாவிடம் பல ஆண்டு சேவகம் செய்தவர். அவர் மகன் பாட்டா ஷாவிடம் பிணைக்கைதி. வந்த வேலை சொந்த மக்களையே அழிப்பது என்று தெரிந்ததும், மகனா மண்ணா என்ற கேள்வி அவர் முன் நின்றது.

1625 மார்ச் 25 அன்று மார்ட்கோபியில் சாகாட்ஸே திரும்பினார். கான் கொல்லப்பட்டார், படை சிதறியது. மகனின் தலையை ஷா வெட்டச் செய்தார். அதே கோடையில் மராப்தா போரில் ஜார்ஜியர்கள் தோற்றாலும், மலைகளில் பதுங்கித் தாக்குவது ஓயவில்லை. கடைசியில் கேதெவானின் மகன் தெய்முராஸையே அரசராக ஷா ஏற்க வேண்டியதாயிற்று. சாகாட்ஸே மட்டும் உள்சண்டையில் தோற்று, துருக்கியரிடம் தஞ்சம் புகுந்து, 1629ல் அங்கேயே கொல்லப்பட்டார்.

ராணியின் எலும்புகளில் சிலவற்றை அகஸ்டின் சபைத் துறவிகள் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். அகழாய்வில் கிடைத்த எலும்பை ஹைதராபாத் விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை செய்தார்கள். ராணியுடையதாகவே இருக்கலாம் என்று முடிவு வந்தது. 2021 ஜூலையில் இந்தியா அதில் ஒரு பகுதியை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது.

பெயர்த்துக் கொண்டுபோகப்பட்ட மக்களின் வாரிசுகள் ஈரானில், இஸ்ஃபஹானுக்கு மேற்கே ஃபெரெய்தூன்ஷஹரில் இன்றும் வாழ்கிறார்கள். மதம் மாறிவிட்டது. நானூறு வருஷமாகியும் வீட்டில் பேசுவது ஜார்ஜிய மொழிதான்.