வீட்டு ஓவன் பழுதானால் நாமே பார்க்கக் கூடியவை, தொடக் கூடாதவை

மின்சார ஓவன் ஒரு காலத்தில் வசதி படைத்தவர் வீட்டுப் பொருளாக இருந்தது. இன்று சிறு வணிகர் இல்லங்களிலும் அது இடம் பிடித்துவிட்டது. வீட்டில் கேக், பிஸ்கட், பன் தயாரித்துத் தங்கள் மளிகைக் கடையிலேயே பாட்டிலில் வைத்து விற்போர் நம்மிடையே உண்டு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆர்டர் கையில் இருக்கும்போது ஓவன் படுத்துவிட்டால் கைக்கு வர வேண்டிய பணம் போவதோடு வாடிக்கையாளரிடம் பேச்சும் கெடும். அந்த அவசரத்தில் ரிப்பேர்க்காரர் கேட்டதைக் கொடுக்கிறோம். இல்லையேல் பழையதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறோம். பல சமயங்களில் இரண்டுமே தேவையற்ற செலவு.

நாம் இங்கே பேசுவது கம்பி சூடாகி வேகவைக்கும் ஓ.டி.ஜி. வகை ஓவனைப் பற்றி மட்டுமே. மைக்ரோவேவ் ஓவனை வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. அதனுள் உள்ள கெப்பாசிட்டரில் சுமார் 2000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளைக் கொல்ல வல்லது.

உள்ளே என்னதான் இருக்கிறது?

ஓ.டி.ஜி. சிக்கலான இயந்திரம் அல்ல. மேலும் கீழும் சூடேற்றும் ராடுகள், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், நேரம் வைக்கும் டைமர், மேல் ராடா கீழ் ராடா என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்ச், இவற்றை இணைக்கும் வயர்கள், அவ்வளவுதான். ராடு என்பது இரும்புக் குழாய். அதன் நடுவே நிக்ரோம் கம்பிச் சுருள். குழாய்க்கும் கம்பிக்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். இந்தப் பொடி சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. நிக்கலும் குரோமியமும் கலந்த இந்தக் கம்பிக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகே மின் அடுப்பும் டோஸ்டரும் வீடுகளுக்கு வந்தன.

அறவே வேலை செய்யவில்லையா?

ஸ்குரூ டிரைவரைத் தேடுமுன் டைமரைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் டைமர் பூஜ்யத்தில் இருந்தால் ஓவனுக்குள் மின்சாரமே போகாது. வீட்டில் குழந்தைகள் திருகி வைத்துவிட்டு, "ஓவன் கெட்டுப்போச்சு" என்று புகார் வருவது சர்வ சாதாரணம். செலக்டர் 'ஆஃப்' நிலையில் இருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது சாக்கெட். 1600 வாட்ஸ் ஓவன் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். விளக்கு, மின்விசிறிக்கான 6 ஆம்பியர் சாக்கெட் இதைத் தாங்காது. அடாப்டர் போட்டு அதில் சொருகினால் பிளக் பின் கறுக்கும், பிளாஸ்டிக் இளகும், கடைசியில் தொடர்பு அறுந்துபோகும். 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டில்தான் சொருக வேண்டும். பத்து நிமிடம் ஓடிய பின் ஓவனை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் பழுது ஓவனில் இல்லை, சாக்கெட்டில்.

ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் பச்சை மாவு

கேக் மேலே கருகி அடியில் வேகாமல் இருந்தால் கீழ் ராடு போயிருக்க வாய்ப்பு அதிகம். இதை அறிய மீட்டர் தேவையில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, செலக்டரைக் 'கீழ் ராடு மட்டும்' என்று வைத்து ஐந்து நிமிடம் கண்ணாடி வழியே பாருங்கள். நல்ல ராடு மங்கலாகச் சிவக்கும். அதேபோல மேல் ராடையும் சோதிக்கலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பல மாடல்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு என ராடுகளை வரிசையாக, அதாவது சீரியலாக இணைத்திருப்பார்கள். ஒன்று அறுந்தால் ஜோடியில் இன்னொன்றும் அணைந்துவிடும். ஆகவே "ரெண்டு ராடும் போச்சு" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பி இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மீட்டர் சொல்லும் கணக்கு

ஒரு சாதாரண மல்டி மீட்டர் வீட்டில் இருப்பது நல்லது. பிளக்கைப் பிடுங்கி, ஓவன் முழுவதும் ஆறிய பிறகு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றவும். கழற்றுமுன் எந்த வயர் எங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளவும்.

கணக்கு எளிது. 230ஐ 230ஆல் பெருக்கி வாட்ஸால் வகுத்தால் ஓம் அளவு வரும். மேல் ஜோடி 800 வாட்ஸ் என்றால் 66 ஓம். சீரியலில் உள்ள இரு ராடுகளும் தலைக்கு 33 ஓம் காட்ட வேண்டும். வயரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ராடாகப் பாருங்கள். முள் அசையவே இல்லை என்றால் அந்த ராடு அறுந்தது. அடுத்து, ராடின் முனைக்கும் அதன் இரும்புக் குழாய்க்கும் இடையே பாருங்கள். இங்கே முள் அசையவே கூடாது. அசைந்தால் பாடியில் மின்சாரம் இறங்குகிறது. அந்த ராடை உபயோகிக்கக் கூடாது.

தெர்மோஸ்டாட்டைப் பொறுத்தவரை, குளிர்ந்த நிலையில் குமிழை 200 டிகிரியில் வைத்தால் இரு முனைகளுக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் ஓம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே பிளாட்டினம் கருகியிருக்கும். மாறாக, பிளாட்டினம் ஒட்டிக்கொண்டால் ஓவன் அணையவே அணையாது. எந்தச் சூட்டிலும் 'டக்' என்று துண்டிக்கும் சத்தம் வராமல் ராடு எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். தீப்பிடிக்கும் பழுது இது.

சர்க்கரைச் சோதனை

குமிழ் 180 காட்டினாலும் உள்ளே அவ்வளவு இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஓவன் தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு நம் கடைச் சரக்கே உதவும். சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும். ஒரு ஸ்பூன் சர்க்கரையை அலுமினியத் தாளில் பரப்பி, நன்கு சூடேறிய ஓவனில் நடுத்தட்டில் 15 நிமிடம் வையுங்கள். 175இல் அது மணல் மணலாக இருக்க வேண்டும். 190இல் வைத்தால் உருகிப் பாகாக வேண்டும். 175இலேயே உருகினால் ஓவன் சூடு அதிகம். 190இலும் உருகாவிட்டால் குறைவு. தோராயமான சோதனைதான் என்றாலும், கேக் ஏன் கருகுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். வித்தியாசம் சிறிது என்றால் குமிழைக் கூட்டியோ குறைத்தோ வைத்தாலே போதும்.

ஷாக் அடிக்கிறதா?

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. பல நாள் உபயோகிக்காத ஓவனை மழைக்காலத்தில் போட்டால், வீட்டு இ.எல்.சி.பி. 'டப்' என்று விழும். ராடுக்குள் உள்ள பொடி ஈரத்தை உறிஞ்சிக் கசிவு ஏற்படுத்துவதே பெரும்பாலும் காரணம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இந்தக் கருவி விழ வேண்டும் என்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம். அதற்கு மேல் உடம்பில் ஓடினால் இதயம் நின்றுவிடக் கூடும்.

இந்த நேரத்தில் சிலர் செய்யும் வேலை பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுவது. எர்த் வழியே போகும் கசிவு அத்தோடு நின்றுவிடும். டிரிப்பும் ஆகாது, ஓவனும் எரியும். ஆனால் ஓவனின் தகரப் பாடியில் மின்சாரம் காத்துக்கொண்டிருக்கும். ஈரக் கையோடு நம் வீட்டுப் பெண்மணி தட்டை எடுக்கப் போகும்போது அது போவதற்கு அவர் உடம்பைத் தவிர வேறு வழியிராது. ஆகையால் எர்த் பின்னையோ இ.எல்.சி.பி.யையோ விலக்கிவிட்டு ஓவனை ஓட்டவே கூடாது. எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். ஈரம் மட்டும்தான் என்றால் ராடைக் கழற்றி உலர்த்தினால் சரியாகும். தொடர்ந்து கசிந்தால் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது ஏமாறாதீர்கள்

1. பழைய ராடைக் கையோடு கொண்டுபோய், நீளம், வாட்ஸ், வோல்ட் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கவும். ஒன்று தவறினாலும் வேகவைப்பு மாறிவிடும்.

2. உள்ளே சாதாரண பி.வி.சி. வயர் போட அனுமதிக்காதீர்கள். அது 70 டிகிரிக்கு மேல் தாங்காது. சூடு தாங்கும் சிலிகான் அல்லது கண்ணாடி இழை உறை போட்ட வயரே வேண்டும்.

3. ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது. சாதாரணப் பற்றுஈயம் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். லக் போட்டு இறுக்குவதே முறை.

4. வேலை முடிந்ததும் வெறும் ஓவனைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, கூடவே நின்று பாருங்கள். புது ராடில் முதலில் லேசாகப் புகை வரும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் நிறுத்திவிடுங்கள்.

உத்தரவாதம் யாருக்கு?

உத்தரவாதக் காலத்தில் நாமே திறந்தால் உரிமை போய்விடும். மேலும் பல கம்பெனிகளின் அட்டையில் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே என்று பொடி எழுத்தில் இருக்கும். வாங்கும்போதே படித்துவிடுங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வியாபார நோக்கில் வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பொருள் வாங்கியவருக்கு அதில் விலக்கு உண்டு. வீட்டில் கேக் சுட்டு விற்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ரிப்பேரா, புதிதா?

ராடு, டைமர், தெர்மோஸ்டாட், வயர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போயிருந்தால் ரிப்பேரே லாபம். உள்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, கதவு சரியாக மூடாமல் சூடு வெளியேறினாலோ, கேட்கும் கூலியும் சாமானும் புதிதின் விலையில் பாதியைத் தாண்டினாலோ மாற்றிவிடுவதே நல்லது. சூடு ஒழுகும் ஓவன் மின் கட்டணத்திலும் கை வைக்கும். 1600 வாட்ஸ் ஓவன் தினம் மூன்று மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் 4.8 யூனிட், மாதம் 25 நாளைக்கு 120 யூனிட். தெர்மோஸ்டாட் ஒழுங்காகத் துண்டித்து இணைத்தால் இதைவிடக் குறைவாகவே ஆகும். உங்கள் மீட்டரை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். இந்தக் கணக்கை மிஞ்சினால் பண்டிகை ஆர்டர் வருமுன்பே ஓவனைக் கவனித்துவிடுங்கள்.