கண்ணும் கருவியும்

தமிழகத்து நகரங்களுள் வாணிகத்தால் பழம்புகழ் பெற்றது மதுரை. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் இந்நகரில் ஓயாது நடைபெற்ற செய்தியை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. உரோம நாட்டுக் காசுகள் இந்நகரிலும் இதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் கண்டெடுக்கப்பட்டுள்ளன. ஆகவே, உலகச் சந்தை என்பது மதுரை மக்களுக்குப் புதியதொன்றன்று. முத்தும் மிளகும் துகிலும் அந்நாளில் கடல் கடந்து சென்றன. இந்நாளிலோ, அத்தகைய பொருள்களோடு மக்களின் அறிவும் தொழில்திறனும் நாடு கடந்து செல்கின்றன.

வாணிகம் மாறியதுபோலவே தொழிலும் மாறிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையில் பெரிய நூற்பாலை தோன்றியது. இராட்டையில் ஒருவர் பல நாள் நூற்கும் நூலை, ஆலைப் பொறி சிறிது பொழுதில் நூற்றுத் தந்தது. அப்பொறி மனிதனின் கைக்கு மாற்றாக வந்தது. இன்று பரவிவரும் செயற்கை நுண்ணறிவோ, கண்டு தெளியவும் பகுத்து முடிவு கூறவும் முற்படுகின்றது. எனவே, “பொறியே அறிந்து சொல்லுமாயின் மனிதனுக்கு என்ன வேலை? இளைஞர் எதனைக் கற்றுத் தேற வேண்டும்?” என்னும் வினாக்கள் எந்நாட்டிலும் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மதுரையிலுள்ள ஒரு கண் மருத்துவமனையின் வரலாறே தக்க விடையைத் தருகின்றது.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில், 1918-ஆம் ஆண்டில் பிறந்தவர் கோ. வெங்கடசாமி. ஏடும் எழுதுகோலும் அரியனவாயிருந்த அக்காலத்தில், ஆற்று மணலைப் பரப்பி அதில் எழுத்துக் கற்றவர் அவர். பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, சென்னையில் மருத்துவப் பட்டமும் பெற்றார். படைப்பிரிவில் மருத்துவராகப் பணிபுரிந்தபின், கொடிய மூட்டுவாத நோய் அவரைப் பற்றியது. விரல்கள் கோணி முறுக்கிக்கொண்டன. எழுதுகோலையும் பிடிக்க இயலாத அவ்விரல்களை அவர் விடாமுயற்சியால் பழக்கினார். கண்ணறுவை செய்யும் நுண்கத்தியைப் பிடிக்கவும் கற்பித்தார். அக்கைகளாலேயே அவர் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட கண்ணறுவைகளைச் செய்தார்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976-ஆம் ஆண்டில், பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை அவர் மதுரையில் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் எண்ணற்றோர். அவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். கண் மருத்துவரோ மிகச் சிலர். ஒரு மருத்துவரே எல்லா வேலைகளையும் செய்வதாயின், நாளொன்றுக்குச் சிலருக்கே பார்வை தர இயலும். ஆதலின், மருத்துவரே செய்தற்குரிய வேலை எது, பயிற்சி பெற்ற பிறர் செய்யத்தக்க வேலை எது என்று அவரும் அவர்தம் குழுவினரும் பிரித்து வகுத்தனர்.

இவ்வகுப்பே சிற்றூர்ப் பெண்கள் பலருக்கு வாழ்வளித்தது. பள்ளிப் படிப்பை முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுகள் பயிற்சி தரும் முறை அம்மருத்துவமனையில் அமைந்தது. முதற்கண் அனைவர்க்கும் பொதுப் பயிற்சி. அதன்பின் ஒவ்வொருவர்க்கும் அவரவர் திறத்திற்கேற்ற தனிப் பயிற்சி. ஒருத்தி பார்வையின் அளவைச் சோதிப்பாள். ஒருத்தி அறுவைக்கு வேண்டிய கருவிகளைத் தூய்மை செய்து வரிசையாக எடுத்துத் தருவாள். மற்றொருத்தி அஞ்சி நிற்கும் முதியோர்க்கு அவர்தம் பேச்சுமொழியிலேயே ஆறுதல் கூறி, செய்ய வேண்டியவற்றை விளக்குவாள். அறுவைக் கூடத்தில் மருத்துவர் ஒருவருக்கு இரண்டு மேசைகள் உண்டு. ஒரு மேசையில் அறுவை நிகழும்போதே, மறு மேசையில் அடுத்த நோயாளியை இப்பெண்கள் ஆயத்தம் செய்துவிடுவர். மருத்துவரின் ஒரு நொடியும் வீணாவதில்லை. இதனால் ஏழைகள் பலர் கட்டணமின்றியோ சிறு கட்டணத்திலோ பார்வை பெற முடிந்தது.

இத்தகைய திறன் உலகச் சந்தையிலும் தன் மதிப்பை நிலைநாட்டியது. கண்புரையை அகற்றியபின், கண்ணுக்குள் செயற்கை வில்லை ஒன்றைப் பொருத்துதல் சிறந்த முறையாகும். முன்னாளில் அவ்வில்லை வெளிநாடுகளிலிருந்தே வந்தது. ஒன்றின் விலை ஏறத்தாழ நூறு டாலர். அறுவை இலவசமாயினும் வில்லையை வாங்க ஏழையால் இயலவில்லை. ஆகவே, 1992-ஆம் ஆண்டில் ஆரோலேப் என்னும் உற்பத்திக்கூடம் மதுரையில் நிறுவப்பட்டது. அங்கே வில்லை பத்து டாலர் அளவிலும், பின்னர் அதனினும் குறைந்த விலையிலும் கிடைத்தது. இன்று மதுரையை அடுத்துச் சிவகங்கைச் சாலையில், வீரபாஞ்சானில் அக்கூடம் இயங்குகின்றது. சுற்றுப்புற ஊர்களிலிருந்து வரும் பெண்கள், தூசு புகாத அறைகளில், உருப்பெருக்கியின் துணையால் ஒவ்வொரு வில்லையையும் சோதிக்கின்றனர். மயிரிழையளவு கீறல் இருப்பினும் அவ்வில்லை ஒதுக்கப்படும். இங்கு உருவாகும் வில்லைகள் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. விலைக் குறைவு வாங்குவோரை ஒருமுறை அழைத்து வரலாம். பிழையின்மையே அவர்களை மீண்டும் வரச் செய்யும்.

இனி, செயற்கை நுண்ணறிவு இம்மருத்துவமனைக்குள் வந்த வரலாற்றைக் காண்போம். நீரிழிவு நோய் நெடுநாள் நீடிப்பின், விழித்திரையிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதுறும். அவற்றினின்று குருதியும் நீரும் கசியும். தொடக்கத்தில் நோயாளிக்கு வலியும் இல்லை. பார்வைக் குறைவும் தோன்றுவதில்லை. குறையை அவர் உணரும்போது கேடு முற்றியிருத்தல் கூடும். முன்னரே கண்டறிந்தால், ஒளிக்கதிர் முதலிய மருத்துவ முறைகளால் பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம். இதற்கென விழித்திரையைப் படம்பிடிக்கும் கருவி உண்டு. அப்படங்களைப் பார்த்து நோயின் அளவை வகைப்படுத்தப் பயிற்சி பெற்ற பணியாளரும் உளர். ஆனால் நீரிழிவு நோயாளிகளின் தொகையோ பெரிது. படம் பார்க்கும் கண்களோ சில.

கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இவ்வேலையைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க முற்பட்டனர். அமெரிக்காவிலிருந்தும், அரவிந்த் உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் 1,28,175 விழித்திரைப் படங்கள் திரட்டப்பட்டன. கண் மருத்துவர்களும் அத்துறையில் உயர்பயிற்சி பெறுவோருமாக 54 பேர் அவற்றை ஆராய்ந்தனர். ஒவ்வொரு படத்தையும் மூவர் முதல் எழுவர் வரை தனித்தனியே மதிப்பிட்டனர். ஆசிரியர் திருத்திய விடைகளைப் பார்த்து மாணவன் தன் பிழையைக் களைந்துகொள்வதுபோல, கணிப்பொறியும் அம்மதிப்பீடுகளோடு தன் முடிவை ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தேர்ந்தது. 1916-ஆம் ஆண்டுக்குச் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, அதாவது 2016-ஆம் ஆண்டில், இவ்வாய்வின் முடிவு வெளியாயிற்று. பொறி பெற்ற அறிவு மனிதர் பலர் தந்த அறிவே என்பது இதனால் விளங்கும்.

பின்னர், மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும் சென்னைச் சங்கர நேத்ராலயாவிலும் மூவாயிரத்திற்குச் சற்று மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு அப்பொறியறிவு சோதிக்கப்பட்டது. அதன் முடிவு 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மதுரையில், உரிய மருத்துவம் வேண்டுமளவு நோய் கொண்டிருந்த நூறு பேருள் ஏறத்தாழ 89 பேரை அது சரியாகக் கண்டது. பயிற்சி பெற்ற மனிதரின் திறத்திற்கு அது தாழ்ந்ததாக இல்லை. அவ்வாண்டிலேயே மதுரையில் அது மருத்துவப் பணியில் ஈடுபடுத்தப்பட்டது.

எனினும், நூற்றுக்கு 89 என்னும்போது எஞ்சிய பதினொருவர் யார் என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவர்களும் ஒரு குடும்பத்தின் தாயோ தந்தையோ ஆவர். பொறி கண்டதை மீண்டும் ஆராயவும், ஐயுற்றவிடத்து மருத்துவரிடம் அனுப்பவும் அறிந்த மனிதர் அருகிருத்தல் இன்றியமையாதது.

மற்றொரு நாட்டின் பட்டறிவும் இதனையே வலியுறுத்துகின்றது. தாய்லாந்தில் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் பதினொரு மருத்துவ நிலையங்களில் இதே முறை ஆராயப்பட்டது. முதல் ஆறு மாதங்களில் அங்கு எடுக்கப்பட்ட 1,838 படங்களுள் நூற்றுக்கு 21 தெளிவற்றவை என்று பொறி தள்ளிவிட்டது. சில நிலையங்களில் படமெடுக்கத் தக்க இருட்டறை இல்லை. இணைய இணைப்பும் பலவிடங்களில் தாமதமாயிற்று. படம் தள்ளப்பட்டோர், நோயில்லாதவராயினும், வேறு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. ஆய்வுக்கூடத்தில் சிறந்து விளங்கிய பொறி, ஊர்ப்புறத்துச் சிற்றறையில் தடுமாறியது. அறையை இருளாக்கி, முதியவரின் முகவாயைத் தாங்கியில் பொருந்த வைத்து, “அசையாதீர் அம்மா, இந்த ஒளியைப் பாருங்கள்” என்று கனிவோடு கூறித் தெளிந்த படம் எடுக்கும் ஒருத்தியின் திறனே அப்பொறிக்குக் கண்ணாகும்.

ஆயினும், பொறியால் எவருடைய வேலையும் குறையாது என்று கூறுதல் உண்மையாகாது. நாள் முழுதும் ஒரே வகைப் படங்களைப் பார்த்து வகைப்படுத்தும் வேலையைப் பொறி எளிதில் ஏற்றுக்கொள்ளும். அவ்வொன்றை மட்டும் கற்றவர் இடர்ப்படுவர். படமெடுக்கவும், பொறியின் விடையைச் சீர்தூக்கவும், நோயாளிக்கு அதனை விளக்கவும் கற்றவரோ மேலும் வேண்டப்படுவர். கணக்கு எழுதுதல், கடிதம் வரைதல், துணியின் தரம் காணுதல் ஆகிய பிற தொழில்களிலும் இதுவே நிலையாகும். ஆகவே, தொழிலாளர் தம் வாழ்நாளில் பன்முறை புதியன கற்க வேண்டியவராவர். அதற்கு வழி செய்து தருவது அரசுக்கும் தொழில் நடத்துவோர்க்கும் கடமையாகும். கற்கும் காலத்தில் கூலி இழந்து குடும்பம் வாடுமாயின், பயிற்சி என்பது ஏட்டளவில் நின்றுவிடும்.

இக்கடமையை உணர்ந்து சில முயற்சிகள் தொடங்கப்பெற்றுள்ளன. இந்திய அரசின் நிதி ஆயோக், 2018-ஆம் ஆண்டில் செயற்கை நுண்ணறிவு பற்றிய நாட்டுத் திட்ட வரைவை வெளியிட்டது. 2024-ஆம் ஆண்டில், பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கத்திற்கு அமைச்சரவை இசைவு தந்தது. தமிழக அரசு, மாணவர்க்கும் இளைஞர்க்கும் தொழில்திறன் பயிற்றும் ‘நான் முதல்வன்’ திட்டத்தை 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளில் தொடங்கியது. திட்டங்கள் வாயிலைத் திறக்கும். உள்ளே நடந்து செல்ல வேண்டுவோர் மாணவரே.

அதற்கு வேண்டும் தகுதிகள் யாவை? கணக்கையும் அறிவியலையும் காரணத்தோடு உணர்ந்து கற்றல் முதலாவது. தாய்மொழியில் தெளிவாக எண்ணவும் பேசவும், பிறநாட்டாரோடு வாணிகம் செய்ய ஆங்கிலத்தைப் பிழையின்றி ஆளவும் பழகுதல் இரண்டாவது. எவ்வேலையையும் செம்மையாக முடிக்கும் கைப்பழக்கம் மூன்றாவது. பொறி கூறும் விடையையும் “இது சரிதானா?” என்று வினவும் துணிவு நான்காவது. பிறர் துயரைத் தம் துயராகக் கருதும் அருளுள்ளம் ஐந்தாவது. இவ்வைந்தனுள் இறுதியிலுள்ளதைப் பொறிக்குக் கற்பிக்கும் வழியை இன்றுவரை எவரும் கண்டிலர்.

மருத்துவர் வெங்கடசாமி 2006-ஆம் ஆண்டில் மறைந்தார். கோணிய விரல்களுக்கு அவர் புதுத்தொழில் கற்பித்தார்; சிற்றூர்ப் பெண்களுக்கு அவர்தம் நிறுவனம் நுண்தொழில் கற்பித்தது; அங்குத் திரண்ட படங்களும் பொறிக்கு அறிவூட்டின. கற்பதற்கு அஞ்சாதவரிடத்துக் கருவி ஏவலனாய் நின்று பணி செய்யும். கல்லாது நிற்பவரையோ அது கடந்து சென்றுவிடும். இதனை உணர்ந்து, கண்ணையும் கையையும் கருத்தையும் ஒருங்கே பழக்குதல் இளைஞர் கடனாகும்.