சிற்றுருப் புகையிரதமும் வரலாற்று உண்மையும்: சயாம்–பர்மாப் பாதையை முன்வைத்து ஒரு நோக்கு

இராணுவப் புகையிரதங்களைச் சிற்றுருவாக அமைப்போரிடையே விவாதமொன்று நெடுங்காலமாக நிலவி வருகின்றது. வரலாற்றில் இருந்தது இருந்தவாறே அமைதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். இது பொழுதுபோக்கு; ஆதலின் அமைப்பவரின் இரசனையே முடிவானது என்பர் மறுசாரார். இலக்கிய விமர்சனத்தில் நாம் நன்கறிந்த பிரச்சினையொன்றின் பிறிதொரு வடிவமே இது. குறிப்பிட்ட உதாரணமொன்றின் வாயிலாக இதனை நோக்குவோம்.

இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், பர்மாப் போர்முனைக்குப் படைகளையும் தளபாடங்களையும் கொண்டுசெல்லும் பொருட்டு, யப்பானிய இராணுவம் தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாத் வரை 415 கிலோமீற்றர் நீளமான பாதையொன்றை அமைத்தது. 1942 இல் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் நிறைவெய்தியது. இப்பாதையில் ஓடியவற்றுள் 'சி 56' வகை நீராவி இயந்திரங்கள் முக்கியமானவை. 1935 முதல் 1939 வரை யப்பானிய அரசாங்கப் புகையிரத சேவைக்கென உற்பத்தி செய்யப்பட்ட 160 இயந்திரங்களுள் 90 யுத்தகாலத்தில் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பப்பட்டன. 1067 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள தண்டவாளத்துக்குரிய அவற்றின் சக்கரங்கள் 1000 மில்லிமீற்றருக்கு மாற்றப்பட்டன. எரிபொருளாக விறகு பயன்பட்டது. ஆதலின், யப்பானிய உள்நாட்டு இயந்திரத்தின் சிற்றுருவில் நிலக்கரியைக் குவித்து, அதனைப் பர்மாக் காட்டினூடே ஓடவிடுபவர் வரலாற்றிலிருந்து விலகுகின்றார்.

காஞ்சனபுரிப் பாலத்தின் நிலையும் இத்தகையதே. யாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட, மேற்புறம் வளைந்த இரும்புச் சட்டகங்களால் அப்பாலம் ஆனது. இன்று அதன் நடுவே காணப்படும் நேர்கோட்டுச் சட்டகங்கள், 1945 இன் விமானத் தாக்குதல்களில் அழிந்தவற்றுக்குப் பதிலாக யுத்தத்தின் பின்னர் பொருத்தப்பட்டவை. இன்றைய நிழற்படத்தைப் பார்த்து 1943 ஆம் ஆண்டுப் பாலத்தை அமைப்பவர் தவறுவார். 1957 இல் வெளிவந்த டேவிட் லீனின் திரைப்படத்திலே தகர்க்கப்படும் மரப்பாலமோ நமது நாட்டில், கித்துல்கலையில், களனி கங்கையின் குறுக்கே அமைக்கப்பட்டதாகும்.

இவ்வாறான பிழைகளைச் சுட்டுவோரின் உழைப்பு மதிக்கத்தக்கது. எனினும், அவர்கள் கூறும் 'உண்மை' எதனுடைய உண்மை என்னும் வினா இங்கு எழுகின்றது. தறையாணிகள் எண்ணப்படுகின்றன, சிலிப்பர் கட்டைகள் எண்ணப்படுகின்றன, அக்கட்டைகளை இட்ட கைகள் எண்ணப்படுவதில்லை. இப்பாதையில் 60,000க்கு மேற்பட்ட யுத்தக் கைதிகள் வேலை செய்தனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகையோ இதனைவிடப் பன்மடங்கு பெரிது. அவர்களுள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 எனப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் இவர்களிடையே பெருந்தொகையினர். நேசநாட்டுக் கைதிகளின் கல்லறைகளிற் பெரும்பாலானவற்றிற் பெயர்கள் உள; தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோருக்குக் கல்லறையே இல்லை. இயந்திரத்தின் இலக்கம் பதிவாகியுள்ளது. அதற்குப் பாதையிட்டவனின் பெயர் பதிவாகவில்லை. ஆவணத்தில் உள்ளதே வரலாறு எனக் கொள்வோர், ஆவணங்களை ஆக்கியோர் எவர் என்பதையும் கேட்டல் வேண்டும்.

1936 இல் எழுதிய கட்டுரையொன்றில், பொருள்களைப் புறநிலையில் நின்று விவரிப்பதையும் மனிதரின் செயலினூடே அவற்றைக் காட்டுவதையும் லூக்காச் வேறுபடுத்தினார். விவரங்கள் பெருகுவதனால் மட்டும் யதார்த்தம் பிறந்துவிடாது. சிற்றுருவின் நுண்மையும் அத்தகையதே. சமூக உறவுகளினின்றும் பிரிக்கப்பட்ட பொருள் எவ்வளவு துல்லியமாயினும் அரைகுறை உண்மையே. அவ்வாறு பிரிக்கப்பட்ட பொருளை எவ்வாறும் பயன்படுத்தலாம். 'சி 56' வகையின் 31 ஆம் இலக்க இயந்திரம் தோக்கியோவில் யசுக்குனி ஆலயத்தைச் சார்ந்த யுத்த நூதனசாலையின் காட்சிப்பொருளாயிற்று. தாய்லாந்து சென்று மீண்ட 44 ஆம் இலக்க இயந்திரம், 2015 இல் செந்நிறம் பூசி முகம் பொருத்தப்பெற்று, சிறுவர் கதைப் பாத்திரமாக ஓடிற்று.

இரசனைக்கு இடமில்லை என்பது நமது கருத்தன்று. எக்கணத்தைத் தெரிவது, மழைக்காலமா கோடையா, புதிய இயந்திரமா துருவேறியதா என்பன அமைப்பவரின் உரிமை. கற்பனை கற்பனையென அறிவிக்கப்படுமாயின் அதிலும் குற்றமில்லை. ஆனால் உழைத்தோரை நீக்குவது இரசனையின் பாற்பட்டதன்று. அது வரலாற்றுத் தீர்ப்பாகும்.

துயரத்தைப் பொம்மையாக்கலாமா எனச் சிலர் வினவலாம். அது நியாயமான தயக்கமே. 1:150 அளவிடையில் மனித உருவம் ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் உயரமானது. அதில் ஒருவனின் பசியையோ காய்ச்சலையோ காட்டவியலாது. அவ்வாறாயின், அடிப்பலகையில் ஆண்டையும் இடத்தையும் எழுதும்போது, பாதையிட்டோர் எவர், அவர்களுள் எத்தனை பேர் மாண்டனர் என்பதையும் எழுதுதல் தகும். தறையாணியை எண்ணும் பொறுமை உடையோருக்கு இது கடினமான காரியமன்று.