ரிப்பேர் பில்லில் வராத நஷ்டம்

பழைய கார் வாங்க வரும் விவரமான ஆள் இன்ஜினை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் கதவோரத்து ரப்பர் பீடிங்கை உருவி, கம்பெனியில் வைத்த வெல்டிங் புள்ளிகள் வரிசை குலையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார். பானெட்டைத் தூக்கி, போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் தேடுவார். ‘அடிபட்ட வண்டி’ என்று தெரிந்த நொடியில் விலை இறங்கிவிடும். டிங்கரிங்கும் பெயின்டிங்கும் எத்தனை சுத்தமாக இருந்தாலும் இறங்கும். சிக்னலில் சும்மா நின்றிருந்த உங்கள் வண்டியைப் பின்னாலிருந்து வந்தவர் இடித்திருந்தாலும் இறங்கும்.

இந்த இறக்கத்தை யார் ஈடுகட்டுவது? ரிப்பேர் பில்லைக் கட்டியதோடு தன் பொறுப்பு தீர்ந்தது என்பது காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கமான பதில். தீரவில்லை என்று அழுத்தமாகச் சொன்ன இடம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபாரெட்டா, ஜான்ஸ் கிரீக், கம்மிங் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. கார் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காத ஊர்கள் அவை. அங்கே வண்டி வைத்திருப்பவர்களும், அங்கே பிள்ளைகள் இருக்கும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் இது.

அமெரிக்காவில் அடிபட்டதை மறைக்க பீடிங்கைச் சரியாக ஒட்டிவைத்தால் போதாது. 1984இல் மிசௌரி மாநிலத்தில் தொடங்கிய கார்ஃபேக்ஸ் போன்ற நிறுவனங்கள், ஒவ்வொரு வண்டியின் அடையாள எண்ணையும் வைத்து அதன் விபத்து வரலாற்றைத் திரட்டி விற்கின்றன. வாங்குபவர் எண்ணைத் தட்டினால், எந்த ஆண்டு எந்தப் பக்கம் இடி விழுந்தது, ஏர்பேக் வெடித்ததா என்பது வரைக்கும் வந்துவிடலாம். சட்டகத்தில் அடிபட்டதாகப் பதிவான வண்டியை, கம்பெனி உத்தரவாதத்தோடு விற்கும் பழைய கார் வரிசையில் டீலர்கள் பொதுவாகச் சேர்ப்பதில்லை. வேலை சரியாக நடந்திருக்கிறதா என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் மோசமானதையே எதிர்பார்த்து விலை சொல்வார். பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து இதை 1970இல் எழுதிய பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப், 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதே 2001இல்தான் ஜார்ஜியாவின் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசிதாரர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு அது; மேப்ரி வழக்கு என்று பெயர். ஒழுங்காக ரிப்பேர் செய்த வண்டிக்கு மதிப்பு குறையாது என்பது நிறுவனத்தின் நிலை. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஜார்ஜியாவில் 1926இல் வந்த ஒரு தீர்ப்பிலிருந்தே நஷ்டத்தின் அளவுகோல் வண்டியின் மதிப்புதான் என்றும், வண்டி பழைய நிலைக்கு வந்ததா என்பது மட்டும் அளவுகோல் ஆகாது என்றும் சுட்டிக்காட்டியது. அதற்கும் மேலே ஒரு படி போனது: பாலிசிதாரர் கேட்காவிட்டாலும், மதிப்பு இறங்கியிருக்கிறதா என்பதை நிறுவனமே மதிப்பிட்டாக வேண்டும். இடித்தவர் யார் என்பதும் இதில் பிரச்சினை இல்லை. தன் தவறால் தூணில் மோதியவரும், பாலிசியில் மோதல் சேதத்துக்கான காப்பீடு இருந்தால், தன் சொந்த நிறுவனத்திடம் இந்த இழப்பைக் கேட்கலாம்.

இவ்வளவு நல்ல தீர்ப்பின் வாலில்தான் சிக்கல் வந்து ஒட்டிக்கொண்டது. குவிந்து கிடந்த கிளெய்ம்களைத் தீர்க்க ஒரு கணக்கு முறை தேவைப்பட்டது. கீழமை நீதிமன்ற உத்தரவின் 17ஆம் பத்தியில் ‘சி’ உட்பிரிவில் அது இருந்ததால் ‘17சி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் பழைய பாக்கிகளைத் தீர்க்க எழுதிய சூத்திரத்தை மற்ற நிறுவனங்களும் பிடித்துக்கொண்டன. ஜார்ஜியாவுக்கு வெளியிலும் இன்று அதை நீட்டுகிறார்கள்.

கணக்கு இப்படிப் போகிறது. விபத்துக்கு முன் வண்டியின் சில்லறை விலை 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதில் 10 சதவீதம்: 3,000. இதுதான் உச்ச வரம்பு, எப்படி அடிபட்டிருந்தாலும் இதற்கு மேல் கிடையாது. அடுத்து, சேதத்தின் அளவுக்கு ஒரு பெருக்கி. சட்டகம் பலமாக அடிபட்டிருந்தால் 1, பெரிய சேதம் 0.75, நடுத்தரம் 0.50, சின்னது 0.25, சட்டகத்தில் அடியும் பேனல் மாற்றமும் இல்லையென்றால் பூஜ்யம். நம் வண்டிக்கு நடுத்தரம் என்றால் 1,500 டாலர். கடைசியாக, ஓடிய தூரத்துக்கு ஒரு பெருக்கி. 20,000 மைலுக்குக் கீழே 1; அதிலிருந்து ஒவ்வொரு 20,000 மைலுக்கும் 0.20 குறைந்துகொண்டே வந்து, 100,000 மைலைத் தொட்டதும் பூஜ்யம். நம் வண்டி 45,000 மைல் ஓடியிருந்தால் பெருக்கி 0.60. கையில் வருவது 900 டாலர்.

இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்று தேட வேண்டியதில்லை, நேராகவே தெரிகிறது. 10 சதவீதம் ஏன்? சந்தையைப் பார்த்து வந்த எண் அல்ல அது. ஓடிய தூரத்தையும் பாருங்கள். 30,000 டாலர் என்ற ஆரம்ப விலையே 45,000 மைல் ஓடியதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வந்த விலை. அதற்காகத் திரும்பவும் 40 சதவீதத்தைப் பிடிப்பது ஒரே செலவுக்கு இரண்டு முறை பில் போடுவது. 99,000 மைல் ஓடிய வண்டிக்கு ஏதோ மதிப்பு குறையுமாம், இன்னும் ஆயிரம் மைல் ஓடினால் எதுவுமே குறையாதாம். நடுத்தரமா சின்னதா என்பதைச் சொல்பவரோ நிறுவனத்தின் ஆள், அவர் 0.50க்குப் பதில் 0.25 என்று எழுதினால் பணம் சரிபாதி. இந்தச் சூத்திரத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடையாது. இதையோ வேறு எந்தக் குறிப்பிட்ட சூத்திரத்தையோ தாங்கள் அங்கீகரிக்கவில்லை என்று மாநிலக் காப்பீட்டு ஆணையர் அலுவலகம் 2008இல் தெளிவுபடுத்தியது. ஆகவே 17சி தாளோடு வரும் தொகையைப் பேரத்தின் முதல் விலையாக எடுத்துக்கொள்வதுதான் சரி.

பேரத்துக்குக் கையில் சரக்கு வேண்டும். ரிப்பேருக்கு முன் எடுத்த படங்கள், போலீஸ் அறிக்கை, பட்டறையின் இறுதி பில், விபத்து ஏறிய பிறகான கார்ஃபேக்ஸ் அறிக்கை இவை அடிப்படை. இவற்றைவிட எடை கூடியது, இரண்டு மூன்று டீலர்களிடம் வண்டியைக் காட்டி, விபத்து இல்லாவிட்டால் என்ன விலை, இப்போது என்ன விலை என்று எழுத்தில் வாங்கும் கடிதம். பலரும் தனி மதிப்பீட்டாளரை வைக்கிறார்கள். சில நூறு டாலர் செலவு. இழப்பே சில நூறுதான் என்றால் அந்தச் செலவுக்கு அர்த்தமில்லை. புது வண்டி, விலை உயர்ந்த வண்டி, சட்டகத்தில் அடிபட்ட வண்டி என்றால் செலவு செய்யலாம். பத்து வயது வண்டியின் பம்பரில் கீறல் என்றால் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே மேல்.

பலர் வழுக்குவது ஒரு கையெழுத்தில். எதிராளியின் காப்பீட்டு நிறுவனம் ரிப்பேர் காசோலையோடு ஒரு விடுதலைப் பத்திரத்தையும் அனுப்பும். ‘இந்த விபத்தின் எல்லாச் சொத்துச் சேதமும் தீர்ந்தது’ என்று அதில் இருந்தால், மதிப்பிழப்புக்கான கதவையும் நீங்களே சாத்துகிறீர்கள். லீஸில் எடுத்த வண்டியாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வண்டி லீஸ் நிறுவனத்துடையது, விலை இறங்கிய நஷ்டமும் முதலில் அவர்களுடையதுதான்.

கடிதங்களுக்கு மசியாவிட்டால் சட்டத்தில் பல் இருக்கிறது. ஜார்ஜியாவில் உரிய முறைப்படி எழுத்தில் கோரிக்கை வைத்து 60 நாள் ஆகியும், நியாயமான காரணமில்லாமல் கெட்ட நோக்கத்தோடு பணத்தை மறுத்ததாக நிரூபணமானால், பொறுப்புத் தொகையில் 50 சதவீதம் அல்லது 5,000 டாலர், இதில் எது அதிகமோ அதை நிறுவனம் அபராதமாகக் கூடுதலாகத் தர வேண்டும். வக்கீல் கட்டணமும் சேரும். 15,000 டாலர் வரையிலான வழக்கை, வக்கீல் இல்லாமலே, மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் போடலாம். இடித்தவர் மேல் என்றால் விபத்து நடந்து நான்கு ஆண்டுக்குள் போட வேண்டும். எதிராளி மேல் போடும் வழக்கில் பிரதிவாதி பொதுவாக இடித்த ஓட்டுநர்தான், அவருடைய காப்பீட்டு நிறுவனம் அல்ல. உங்கள் பக்கமும் 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் தவறு இருந்தால் எதிராளியிடம் ஒன்றும் பெயராது.

மாநில எல்லையைத் தாண்டினால் கதை மாறும். டெக்சஸில் ஒழுங்காக ரிப்பேர் செய்த வண்டிக்குச் சொந்த நிறுவனம் மதிப்பிழப்பைத் தர வேண்டியதில்லை என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2003இல் சொல்லிவிட்டது. இடித்தவர் பக்கம்தான் போக வேண்டும். மிச்சிகனில் இடித்தவரிடம் வண்டிச் சேதத்துக்காகப் பொதுவாகப் பெற முடிவதே அதிகபட்சம் 3,000 டாலர்.

ஜெர்மனியில் இதற்காக யாரும் கடிதம் எழுதிக் கை ஓய வேண்டியதில்லை. அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1961லேயே இந்த இழப்பை ஏற்றுக்கொண்டது. சின்னச் சேதங்களைத் தவிர, பாதிக்கப்பட்டவர் தானே தேர்ந்தெடுக்கும் நிபுணரின் கட்டணத்தை இடித்தவரின் காப்பீடே கட்டும். நிபுணர் தன் அறிக்கையில் மதிப்பிழப்புக்கும் ஒரு தொகை எழுதிவிடுவார். தென் கொரியா அட்டவணையே போட்டுவிட்டது. ரிப்பேர் செலவு வண்டியின் மதிப்பில் 20 சதவீதத்தைத் தாண்டினால், ஓராண்டுக்குள் ஆன வண்டிக்கு ரிப்பேர் செலவில் 20 சதவீதம், இரண்டாண்டு வரை 15, ஐந்தாண்டு வரை 10 சதவீதம் எதிராளியின் காப்பீட்டிலிருந்து வரும். 2019 வரைக்கும் இரண்டாண்டு வண்டிகளோடு நின்றிருந்தது அது. தொகை பெரிதில்லை, ஆனால் சண்டையும் இல்லை. எனக்கு ஜார்ஜியாவின் கொள்கையும் ஜெர்மனியின் நடைமுறையும் சேர்ந்து இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது.

நம் ஊரில் சர்வேயர் பார்ப்பது உடைந்த பாகத்தை மட்டும். வழக்கமான கார் பாலிசியில், விபத்தின் விளைவாகத் தொடரும் இழப்புகளும் தேய்மானமும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. கூடுதல் பிரீமியம் கட்டி ‘பம்பர் டு பம்பர்’ எடுத்தவர்கள் இதிலிருந்து தப்பிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாலிசி ஈடுகட்டுவது மாற்றிய பாகங்களுக்கான தேய்மானக் கழிவை. நாளை புரோக்கர் குறைக்கப்போகும் விலையை அல்ல. இடித்தவரின் காப்பீட்டைப் பொறுத்தவரை, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 165ஆம் பிரிவு மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்தையும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வைத்திருக்கிறது. அங்கே மதிப்பிழப்பைக் கேட்பவருக்குக் கைகொடுக்க கொரியாவில் இருப்பது போன்ற அட்டவணை கிடையாது. ஒவ்வொரு ரூபாயையும் அவரே ஆதாரம் காட்டி நிரூபிக்க வேண்டும்.