அரைக் கோப்பை இரைப்பை: எடைகுறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் உணவும் நடையும் நோன்பும்

ஆரோக்கியம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவதும் ஒரு வணக்கமே. ஆனால், நம் ஊர்களில் அன்பு பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டின் வழியாகவே வெளிப்படுகிறது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைந்த அரிசிச் சோறும் மன்னார்க் கடல் மீனும் முன்னே இருக்க, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்காத உம்மா உண்டா? அந்தக் கேள்வியே ஒருவருக்குத் துன்பமாக மாறும் ஒரு நிலை இருக்கிறது. எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவரின் நிலை அது.

சத்திரசிகிச்சை ஓரிரு மணித்தியாலங்களில் முடிந்துவிடும். அதன் பலன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அதற்குப் பிறகு வீட்டுச் சமையலறையில் நடப்பவற்றைப் பொறுத்தது. அந்தச் சமையலறையில் நிற்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். அதனால்தான் மகளிர் கல்லூரி மாணவிகளான நாமும் இதை அறிந்திருக்க வேண்டும்.

யாருக்கு இது தேவை?

அதிக உடற்பருமன் சோம்பலின் அடையாளம் அல்ல. அது ஒரு நோய். பரம்பரை, ஹோர்மோன், உணவு, உறக்கம், மனவழுத்தம், சில மருந்துகள் எனப் பல காரணங்கள் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. அதனுடன் நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் வலி, உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவையும் வந்து சேரும்.

உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, அந்த உயரத்தின் வர்க்கத்தால் எடையைப் பிரித்தால் கிடைப்பது உடற்திணிவுச் சுட்டி. கிளினிக்கில் இதனைப் பி.எம்.ஐ. என்பார்கள். 1.55 மீற்றர் உயரமுள்ள ஒரு தாய் 95 கிலோ இருந்தால் அவரது சுட்டி ஏறத்தாழ 39.5 ஆகும். 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அளவுகோல், சுட்டி 40ஐ எட்டியவர்களுக்கும், 35ஐ எட்டிக் கடும் நோயும் உள்ளவர்களுக்கும் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைத்தது. 2022இல் சர்வதேச வைத்தியர் சங்கங்கள் அதைத் திருத்தின. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதால், 27.5 முதலே இச்சிகிச்சையைப் பற்றி எண்ணலாம் என்று அவை கூறின. உணவு, நடை, மருந்து ஆகியவற்றால் முயன்ற பின்பே வைத்தியர்கள் இவ்வழிக்கு வருவார்கள்.

உள்ளே என்ன மாறுகிறது?

இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கும் முறையை 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடங்கிவைத்தார். இன்று இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. முதலாவதில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 வீதம் வெட்டி அகற்றப்படுகிறது. மீதமிருப்பது வாழைப்பழ வடிவிலான ஒரு குழாய். அது 100 முதல் 150 மில்லிலீற்றர், அதாவது ஏறக்குறைய அரைத் தேநீர்க் கோப்பை, கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் அகற்றப்பட்ட பகுதியிலேயே சுரந்ததால் பசியும் குறைகிறது. இரண்டாவது முறையில் கோழிமுட்டையை விடச் சிறிய ஒரு பை மட்டும் விடப்பட்டுச் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. இதில் சத்துகள் உறிஞ்சப்படுவதும் குறையும்.

நம் நாட்டில் கொழும்புத் தேசிய வைத்தியசாலை, களுபோவிலயிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளிலும் இச்சிகிச்சை செய்யப்படுகிறது. வயிற்றில் நாலைந்து சிறு துளைகள் இட்டுச் செய்வதால் பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்புகிறார்கள்.

கொழும்பிலிருந்து மன்னாருக்கு

நம் பகுதியினருக்கு முதற் சோதனை அந்த நீண்ட பயணமே. சத்திரசிகிச்சைக்குப் பின் பல மணித்தியாலம் அசையாமல் வாகனத்தில் இருந்தால் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்துவிடலாம். ஆகவே மணிக்கொரு தடவை வாகனத்தை நிறுத்திச் சில நிமிடம் நடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசைக்க வேண்டும். தண்ணீரைச் சிறு மிடறுகளாகப் பருகிக்கொண்டே வரவேண்டும்.

வீடு வந்தபின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, தோள்வலி, நிற்காத நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், தண்ணீரும் தங்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் "காலையில் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது. தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டிருக்கலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். எந்தச் சிகிச்சை எப்போது நடந்தது என்று எழுதிய காகிதத்தை வீட்டார் கைவசம் வைத்திருப்பது நல்லது.

படிப்படியாக உணவு

கால அளவு ஆளுக்கு ஆள் மாறும். தம் வைத்தியர் சொன்னதே முதன்மை. பொதுவான ஒழுங்கு இதுதான்.

முதல் ஓரிரு நாட்கள்: தண்ணீர், வடித்த சூப் போன்ற தெளிந்த நீராகாரம் மட்டும்.

இரண்டு வாரம் வரை: பால், மோர், வடிகட்டிய மெல்லிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், மீனோ கோழியோ அவித்து வடித்த சூப். சீனி சேர்க்கக் கூடாது.

மூன்றாம், நான்காம் வாரம்: நன்றாகக் குழைத்து மசித்தவை. பருப்பு, தயிர், உறைப்பில்லாமல் அவித்து மசித்த மீன். இதற்குப் பாரை, அறுக்குளா போன்ற சதைப்பற்றான மீன்கள் ஏற்றவை. நெத்தலியும் சூடையும் முள் நிறைந்தவை, இப்போது வேண்டாம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து: அவித்த முட்டை, மென்மையான மீன், வேகவைத்த மரக்கறி. ஏறத்தாழ இரண்டு மாதம் ஆனதும் வீட்டுச் சாப்பாட்டுக்கு மெல்ல மாறலாம். பாணும் இடியப்பமும் ஒட்டிக் களியாகி அடைக்கலாம். வறண்ட புட்டும் தொண்டைக்குக் கீழே நிற்கும். இவற்றைக் கடைசியாகத்தான் முயன்று பார்க்க வேண்டும்.

எல்லாக் கட்டத்துக்கும் சில விதிகள் உண்டு. ஒரு வாயை இருபது முப்பது தடவை மென்று, ஒரு வேளை உணவை இருபது முப்பது நிமிடத்தில் உண்ண வேண்டும். சாப்பாட்டுடன் தண்ணீர் குடிக்கக் கூடாது. முன்னும் பின்னும் அரை மணித்தியாலம் இடைவெளி வேண்டும். சோடாவகைகள் அறவே ஆகாது. தட்டில் முதலில் புரதம், அடுத்து மரக்கறி, கடைசியில் சோறு.

புரதம் நாளொன்றுக்கு 60 கிராமாவது தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், 150 கிராம் மீனில் சுமார் 30, இரண்டு கோப்பைப் பாலில் 12, 100 கிராம் சமைத்த பருப்பில் 9, சிறு கிண்ணம் தயிரில் 4. கூட்டிப் பார்த்தால் 61 ஆகிறது. விலையுயர்ந்த புரத மாவு வாங்க இயலாத வீட்டிலும், வீட்டு உணவுக்கு மாறிய பின் நம் கரையில் கிடைக்கும் மீன் இந்தக் கணக்கைச் சரிசெய்யும். ஆனால் இதை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்தே உண்ண முடியும்.

ஸஹனைச் சுற்றி

கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரு ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது நம் அழகிய வழக்கம். அரைக் கோப்பை இரைப்பை உள்ளவருக்கு அங்கே இரண்டு இடர்கள். ஒன்று, மற்றவர்களின் வேகத்துக்கு உண்ண நேர்வது. வேகமாக உண்டால் நெஞ்சு அடைத்து வாந்தி வரும். மற்றொன்று இனிப்பு. வட்டிலப்பமும் சர்பத்தும் சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கினால், அரை மணித்தியாலத்துக்குள் வியர்வை, படபடப்பு, தலைச்சுற்று, வயிற்றோட்டம் வரலாம். குடல் இணைப்புச் செய்தவர்களுக்கு இது அதிகம். ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்து இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்குவதும் உண்டு.

இங்கே மற்றவர்கள் செய்யக்கூடிய உதவி எளிது. அவருக்கென்று ஒரு சிறு கிண்ணத்தில் மீனையோ கோழியையோ தனியே எடுத்து வைத்து, அதே வட்டத்தில் அமரச் செய்யலாம். "இவ்வளவுதானா மாமி, இன்னும் ரெண்டு வாய் எடுங்க" என்று சொல்லாமல் இருக்கலாம். வயிற்றை முழுதாக நிரப்பாதீர்கள் என்பது நபிவழி அல்லவா?

நடையும் வேலையும்

நடை சத்திரசிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ வைத்தியசாலையிலேயே தொடங்குகிறது. வீட்டில் ஐந்து பத்து நிமிடமாக நாளுக்குப் பலமுறை நடந்து, ஒன்றரை மாதத்துக்குள் அரை மணித்தியால நடைக்கு உயர்த்தலாம். ஸுபஹ் தொழுகைக்குப் பின் வெயில் ஏறுமுன் நடப்பது நம் காலநிலைக்கு ஏற்றது. வெளியே செல்லத் தயங்குபவர்கள் வளவுக்குள் நடந்தாலும் நடைதான். துணைக்கு ஒரு மகளோ மருமகளோ சேர்ந்து நடந்தால் இருவருக்கும் நன்மை.

நாலு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, இடுப்பில் பேரப்பிள்ளை எல்லாமே பாரம்தான். ருகூஃ, சுஜூத் செய்கையில் வயிறு வலித்தால் இருந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. காயம் ஆறிய பின், வைத்தியரின் அனுமதியுடன், சுவரில் கையூன்றித் தள்ளுதல், கதிரையில் அமர்ந்து எழுதல் போன்ற தசைப் பயிற்சிகளையும் சேர்க்க வேண்டும். எடை வேகமாகக் குறையும்போது கொழுப்புடன் தசையும் கரையும். புரதமும் பயிற்சியும் சேர்ந்தே அதைத் தடுக்கும்.

ரமழான் வந்தால்

இதில்தான் மனம் கலங்கும். "வருத்தம் சுகமாகிவிட்டதே, நோன்பு பிடித்தால் என்ன?" என்று அவருக்கே தோன்றும். கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறையாமல் நீர் வேண்டும். அதை மடக்கென்று குடிக்க அந்த இரைப்பையில் இடமில்லை. சாப்பாட்டுடனும் குடிக்க இயலாது. இலங்கையில் ஏறத்தாழ 13 மணித்தியாலம் நோன்பிருந்தபின், மீதமுள்ள இரவில் உறக்கத்துக்கும் தொழுகைக்கும் இடையே 60 கிராம் புரதமும் ஒன்றரை லீற்றர் நீரும் உள்ளே போக வேண்டும். ஆரம்ப மாதங்களில் அது நடக்காது. நீரிழப்பும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். அதனால்தான் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையாவது நோன்பைத் தள்ளிவைக்குமாறு வைத்தியர்கள் கூறுகிறார்கள்.

நோயாளிக்குச் சலுகை அளித்தவன் அல்லாஹ்வே. ஸூரா அல்பகராவின் 185ஆம் வசனம் இதற்குப் போதுமான ஆறுதல். களாச் செய்யும் முறையை உலமாக்களிடம் கேட்டறியலாம். வைத்தியர் அனுமதித்த பின் நோன்பு நோற்பவர், இப்தாரில் ஒரு பேரீச்சம்பழத்துடன் நிறுத்தி, தண்ணீரை மிடறு மிடறாகப் பருகி, பொரித்த பலகாரங்களை ஒதுக்கி, ஸஹரைத் தவறவிடாமல் புரதத்துடன் உண்ண வேண்டும்.

வாழ்நாள் மருந்துகள்

விற்றமின் மாத்திரைகள் ஓரிரு மாத மருந்து அல்ல. பீ12, இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டீ, தயமின் ஆகியவற்றின் குறை மெல்ல வந்து நரம்பையும் எலும்பையும் தாக்கும். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைபாடு எளிதில் வரும். இரும்பு மாத்திரையைப் பிளேன்டீயுடனோ கல்சியத்துடனோ விழுங்கினால் பயன் குறையும். இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். ஜெலற்றின் உறை குறித்துச் சந்தேகம் உள்ளவர்கள் மருந்தையே விட்டுவிடாமல், உறையில்லாத மாத்திரையைக் கேட்டுப் பெறலாம்.

நீரிழிவு மருந்தையும் இன்சுலினையும் பழைய அளவில் தொடர்ந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கிளினிக்கில் அளவை மாற்ற வேண்டும். மூட்டுவலிக்குப் பாமசியில் தாமாகவே வாங்கும் டைக்குளோபினாக், ஐபுபுரோபென் போன்றவை புண்ணை உண்டாக்கும். மூன்றாம் மாதமளவில் முடி கொட்டும். பெரும்பாலோருக்கு அது மீண்டும் வளரும். இளம் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். குழந்தைக்குரிய சத்து தாயிடம் அப்போது இருக்காது.

இந்த மாத்திரைச் செலவையும், கொழும்புக் கிளினிக்குக்கான பயணத்தையும், இரத்தப் பரிசோதனைகளையும் சத்திரசிகிச்சைக்கு முன்பே வீட்டார் கூடிப் பேசிக்கொள்வது அறிவுடைமை.

நம் நாவும் ஒரு மருந்து

முதலாண்டில் உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கு குறையலாம். அதன்பின் குறைவது நின்றுவிடும். சிலருக்குச் சற்று ஏறவும் கூடும். அப்போது "இவ்வளவு செலவழித்தும் பழையபடிதானே" என்று ஒரு சொல் வந்தால் அவர் மறைந்து உண்ணத் தொடங்குவார், கிளினிக்குக்குப் போகவும் வெட்கப்படுவார். மெலிந்தபோது "வாடிப்போனீர்களே" என்று சொல்வதும் அதே காயத்தையே தருகிறது. பல்லாண்டு உணவில் ஆறுதல் தேடிய ஒருவருக்கு அந்த ஆறுதல் திடீரென்று பறிபோயிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தொடர்ந்து துக்கமாக இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

அவருக்காகச் சீனியைக் குறைத்துச் சமைக்கும் வீட்டில் பிள்ளைகளின் உடலும் காக்கப்படும். ஒருவருக்கு நேர்ந்த சோதனை முழுக் குடும்பத்துக்கும் படிப்பினையாக அமையட்டும். சகோதரிகளே, அடுத்த விருந்தில் யாராவது ஒரு சிறு கிண்ணத்துடன் அமர்ந்திருந்தால் கேள்வி கேட்காமல் பக்கத்தில் அமர்ந்து, அவருடைய வேகத்துக்கு மெல்ல உண்போம்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்குப் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.